ரேங்க் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகம் தேடாதீர்கள்



இது நீளமான பதிவு. இப்போது நேரமில்லை என்றால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளையோ, பொறியியல் முடித்துவிட்டு "ஜெர்மனி போகலாமா, லண்டன் போகலாமா" என்று கேட்கும் பிள்ளையோ இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகப் பல்கலைக்கழகத் தரவரிசை என்று ஆண்டுதோறும் வெளிவரும் பட்டியல்கள், உங்கள் பிள்ளை வகுப்பறையில் என்ன கற்றுக்கொள்ளும் என்பதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. அதோடு போகட்டும் என்றால், ஐரோப்பா பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய ஒரு நல்ல காரியத்தையும் இந்தப் பட்டியல்கள் கரையான் மாதிரி அரித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பட்டியலை நம்பித்தான் நம் வீடுகளில் நிலப் பத்திரம் அடகுக்குப் போகிறது. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

"பள்ளிக்கூட டீச்சருக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று யாராவது நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவள் அல்ல. ஆனால் மதிப்பெண் என்றால் என்ன, அதை எதற்குப் போடுகிறோம், போட்ட பிறகு அது ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். 35 ஆண்டுகள் செய்த வேலை அது. இந்தப் பட்டியல் போடுகிறவர்கள் செய்வதும் மதிப்பெண் போடும் வேலைதான். அதனால் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

முதலில் அந்த நல்ல காரியம் என்ன என்று சொல்கிறேன்.

இத்தாலியில் போலோன்யா என்று ஒரு நகரம். அங்கேயுள்ள பல்கலைக்கழகம் 1088இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1999 ஜூன் 19 அன்று 29 ஐரோப்பிய நாடுகளின் கல்வி அமைச்சர்கள் அந்த ஊரில் கூடி ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதுவரை ஐரோப்பாவில் நாட்டுக்கு ஒரு படிப்பு முறை. ஜெர்மனியில் 'டிப்ளோம்', 'மாகிஸ்டர்' என்று ஐந்தாறு ஆண்டுகள் நீளும் பட்டங்கள். இத்தாலியில் வேறு, பிரான்சில் வேறு, பிரிட்டனில் வேறு. ஒரு நாட்டில் படித்த பிள்ளை அடுத்த நாட்டுக்குப் போனால், "இது என்ன பட்டம்? எதற்குச் சமம்?" என்று அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

போலோன்யாவில் எடுத்த முடிவு எளிமையானது. படிப்பைப் படிகளாகப் பிரிப்போம். முதலில் இளநிலை, அதன்மேல் முதுநிலை. (முனைவர் பட்டம் மூன்றாவது படியாகப் பின்னால் சேர்ந்தது.) எல்லோரும் ஒரே கிரெடிட் கணக்கை வைத்துக்கொள்வோம். ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். மூன்றாண்டு இளநிலைக்கு 180, நான்காண்டு என்றால் 240. 2010இல் இதை 'ஐரோப்பிய உயர்கல்விப் பரப்பு' என்று முறைப்படி அறிவித்தார்கள்.

இந்தக் கிரெடிட் கணக்கில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. யாருடைய உழைப்பு? மாணவருடைய உழைப்பு. பேராசிரியர் எத்தனை மணி நேரம் மேடையில் நின்று பேசினார் என்பது மட்டும் கணக்கில்லை. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தது, நூலகத்தில் படித்தது, ஆய்வகத்தில் செய்து பார்த்தது, தேர்வுக்குத் தயாரானது எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. கற்பிப்பவரை விட்டுக் கற்பவரைப் பார்த்து அளக்கும் அளவுகோல் இது. நமக்குப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததும் இதுதானே?

இதற்கு அடித்தளமாக இன்னொன்றும் உண்டு. 1997இல் லிஸ்பன் நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. வேறொரு நாட்டில் வாங்கிய படிப்பை ஏற்றுக்கொள்வதுதான் வழக்கமாக இருக்க வேண்டும். ஏற்க மறுத்தால், எந்தப் பெரிய வேறுபாட்டால் மறுக்கிறோம் என்று மறுப்பவர்தான் காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். "என் படிப்பு உன் படிப்புக்குச் சமம்" என்று பிள்ளை மன்றாட வேண்டியதில்லை. சமம் இல்லை என்று சொல்பவர் நிரூபிக்க வேண்டும். போர்ச்சுகலின் ஒரு சிறிய ஊரில் படித்த பெண், ஸ்வீடனில் முதுநிலை சேரப் போகும்போது தலை நிமிர்ந்து போகலாம். 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தில் இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வேறு நாடு போய்ப் படித்தும் பயிற்சி பெற்றும் வந்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் வகுப்பறையை இன்னொரு நாடு நம்பினால்தான் இது நடக்கும்.

போலோன்யா குறையே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. ஐந்தாண்டுப் பாடத்தை மூன்றாண்டில் திணித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 2009இல் ஜெர்மனியில் மாணவர்கள் ஊர் ஊராகத் தெருவில் இறங்கினார்கள். அந்த அக்டோபரில் வியன்னா பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கத்தையே மாணவர்கள் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். "வாரத்துக்கு ஒரு தேர்வு, மனப்பாடம், மூச்சு விட நேரமில்லை" என்பதுதான் புகார். தேர்வுச் சுமையைக் குறைக்க ஜெர்மன் மாநில அமைச்சர்கள் இறங்கி வந்தார்கள். பழைய டிப்ளோம் பட்டத்தை இழந்த வருத்தம் அங்கே பொறியாளர்களுக்கு இன்றும் உண்டு. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சில பிரிவுகளில் அதை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது.

இவை வீட்டுக்குள் நடக்கும் சண்டைகள். பேசித் தீர்க்கலாம், தீர்த்தும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்தது வேறு.

2003 ஜூனில் சீனாவின் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு ஒரு பட்டியலை வெளியிட்டது. அவர்கள் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். உலகின் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் சீனப் பல்கலைக்கழகங்கள் எவ்வளவு தூரம் பின்னால் நிற்கின்றன என்று தெரிந்துகொள்ளப் போட்ட கணக்கு அது. தன் பிள்ளையின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு அளப்பதுபோல. ஆனால் அந்தக் கோட்டை உலகமே பிடித்துக்கொண்டது. முதல் 20 இடங்களில் ஐரோப்பாவிலிருந்து வந்தவை பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் மட்டுமே. ஜெர்மனி இல்லை, பிரான்ஸ் இல்லை, இத்தாலி இல்லை. பாரிசிலும் பெர்லினிலும் ஒரே கலக்கம்.

அந்தப் பட்டியல் எப்படி மதிப்பெண் போடுகிறது என்று பாருங்கள். பழைய மாணவர்கள் நோபல் பரிசோ, கணிதத்தில் ஃபீல்ட்ஸ் பதக்கமோ வாங்கியிருந்தால் 10 சதவீதம். ஆசிரியர்கள் வாங்கியிருந்தால் 20. மற்றவர்களால் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்கள் இருந்தால் 20. 'நேச்சர்', 'சயின்ஸ்' என்ற இரண்டு ஆய்விதழ்களில் கட்டுரை வந்தால் 20. பொதுவாக ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கைக்கு 20. இவற்றையெல்லாம் ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து மீதி 10.

கூட்டிப் பாருங்கள், நூறு வந்துவிட்டது. இதில் பாடம் நடத்துவது எங்கே இருக்கிறது? முதலாண்டில் கணக்குப் புரியாமல் தவிக்கும் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியருக்கு எத்தனை மதிப்பெண்? பூஜ்யம். ஆசிரியர்களுக்கான நோபல் கணக்கில் இலக்கியமும் சேராது. இயற்பியல், வேதியியல், மருத்துவம், பொருளாதாரம் மட்டும்தான்.

இன்னும் ஒன்று. ஜெர்மனியில் உயர்ந்த ஆய்வுகளில் பெரும்பங்கு மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களில் நடக்கிறது. பிரான்சில் தேசிய அறிவியல் ஆய்வு மையம் என்று தனி அமைப்பு. இவை பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவை. அதனால் அங்கே செய்த வேலையின் பெருமை பல்கலைக்கழகக் கணக்கில் முழுசாக ஏறாது. பாரிசின் எகோல் நோர்மால் என்ற சிறிய கல்விக்கூடம் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய பலரை உருவாக்கியது. ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால் மொத்தக் கூட்டலில் அதுவும் பின்னுக்குப் போகும். பெர்லினில் நடந்தது இன்னும் வேடிக்கை. போருக்குப் பிறகு நகரம் பிரிந்தபோது பல்கலைக்கழகமும் இரண்டாகிவிட்டது. ஐன்ஸ்டைன் காலத்து நோபல் பெருமை எந்தப் பாதிக்குச் சேரும் என்று இரண்டுக்கும் வழக்கு. என்றோ இறந்துபோன மேதையின் பெயர் எந்தப் பக்கம் எழுதப்படுகிறதோ, அந்தப் பக்கத்து இடம் ஏறும். இன்று அங்கே படிக்கும் பிள்ளைக்கு இதனால் ஒரு வரியாவது கூடுதலாகப் புரியுமா?

"டீச்சர், அது ஷாங்காய் பட்டியல். டைம்ஸ் பட்டியலில் கற்பித்தலுக்கு 29.5 சதவீதம் இருக்கிறதே" என்று விவரம் தெரிந்த பிள்ளைகள் கேட்பீர்கள். அதையும் பிரித்துப் பார்ப்போம். 29.5இல் 15, மற்ற பேராசிரியர்களிடம் "எந்தப் பல்கலைக்கழகம் நன்றாகக் கற்பிக்கிறது?" என்று கருத்துக் கேட்டு வாங்கியது. மீதியில் ஆசிரியர்–மாணவர் விகிதத்துக்கு 4.5, முனைவர் பட்டக் கணக்குகளுக்கு 7.5, நிறுவனத்தின் வருமானத்துக்கு 2.5. வகுப்பறைக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தவர் யாருமில்லை. கியூ.எஸ். பட்டியலில் பேராசிரியர்களின் கருத்துக்கு 30, வேலை கொடுப்பவர்களின் கருத்துக்கு 15. ஆக 45 சதவீதம் "யார் பெயர் நினைவுக்கு வருகிறது?" என்ற கேள்விக்கான பதில். ஊரில் பெயர் பெற்ற கடைக்கே கூட்டம் போகும், கூட்டம் போவதால் பெயர் இன்னும் பெருகும். பண்டம் எப்படி என்பது வேறு விஷயம்.

இந்தப் பட்டியலைப் பார்த்து ஐரோப்பிய அரசுகள் என்ன செய்தன?

பிரான்சில் 2007இல் அதிபராக வந்த சார்க்கோசி அரசு, உலகின் முதல் 20இல் இரண்டு, முதல் 100இல் பத்து பிரெஞ்சு நிறுவனங்கள் வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. எப்படிக் கொண்டுவருவது? ஒரு வழி, பல நிறுவனங்களைச் சேர்த்து ஒரே பெயர் சூட்டுவது. பாரிசுக்குத் தெற்கே இருந்த பாரிஸ்-சுத் பல்கலைக்கழகம் 2019 ஷாங்காய் பட்டியலில் 37ஆவது இடம். அதோடு பெயர்பெற்ற சில உயர்கல்விக் கூடங்களையும் இணைத்து 'பாரிஸ்-சாக்லே' என்று ஆக்கினார்கள். 2020இல் 14ஆவது இடம்! ஒரே ஆண்டில் அங்கே கற்பித்தல் அவ்வளவு மேம்பட்டுவிட்டதா? பெரும்பாலும் அதே ஆசிரியர்கள், அதே ஆய்வகங்கள், அதே பிள்ளைகள். நாலு பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கூட்டி ஒரே பெயரில் எழுதி "இவன்தான் முதல்" என்று நான் சொல்லியிருந்தால், தலைமையாசிரியர் என்னைச் சும்மா விட்டிருப்பாரா?

ஜெர்மனி வேறு வழியில் போனது. அங்கே பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்தன. எந்த ஊரில் படித்தாலும் பொறியாளர் பொறியாளர்தான். 2005இல் மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து 190 கோடி யூரோ ஒதுக்கி, சிறந்தவற்றைப் பொறுக்கியெடுக்கும் போட்டியை அறிவித்தன. 2006இல் மியூனிக்கின் இரண்டு பல்கலைக்கழகங்களும் கார்ல்ஸ்ரூவும் 'எலைட்' என்று முதலில் தேர்வாயின. 2012இல் கார்ல்ஸ்ரூ அந்தத் தகுதியை இழந்தது, ஃப்ரைபுர்கும் கோட்டிங்கனும் கூடவே இழந்தன. அந்த ஊர்களில் ஒரே இரவில் பாடம் மோசமாகிவிட்டதா என்ன?

இப்போது நான் முதலில் சொன்ன நல்ல காரியத்தோடு இதை வைத்துப் பாருங்கள். "உன் வகுப்பறையை நான் நம்புகிறேன், உன் 60 கிரெடிட்டும் என் 60 கிரெடிட்டும் சமம்" என்றது போலோன்யா. "நீ 37, நான் 14, நீ எனக்குச் சமமில்லை" என்கிறது பட்டியல். இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஐரோப்பா நடத்தப் பார்க்கிறது.

விளைவு விசா வரைக்கும் வந்துவிட்டது. படித்து முடித்தவர்கள் வேலை தேட நெதர்லாந்து தரும் ஓராண்டு அனுமதியில், வெளிநாட்டில் படித்தவராக இருந்தால் பட்டியலின் முதல் 200 இடங்களுக்குள் உள்ள பல்கலைக்கழகமா என்று பார்க்கிறார்கள். பிரிட்டன் 2022இல் 'உயர் திறன் தனிநபர் விசா' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. திறனை அப்போது எப்படிக் கண்டுபிடித்தார்களாம்? பட்டியல்களின் முதல் 50இல் உள்ள பல்கலைக்கழகத்தில் படித்தவரா என்று பார்த்தார்களாம். முதலில் வந்த அந்தப் பெயர் வரிசையில் ஓர் இந்தியப் பல்கலைக்கழகம்கூட இல்லை. ஒரு பெண் எவ்வளவு கெட்டிக்காரி என்பதை, அவள் படித்த இடத்தில் எத்தனை பேர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள் என்பதை வைத்து முடிவு செய்வது என்ன நியாயம்? நம் நாடும் சளைத்ததல்ல. இங்கே வளாகம் தொடங்க வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்க வேண்டும் என்று 2023 யு.ஜி.சி. விதி சொல்கிறது.

"போட்டி இருந்தால்தானே டீச்சர் தரம் உயரும்?" என்பீர்கள். போட்டியில் எது உயர்ந்தது என்று மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, நம் இனத்தாரைத் தொட்டது. 2004இல் டைம்ஸ் பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம் 89ஆவது இடம் பிடித்தது. கோலாலம்பூரில் கொண்டாட்டம். அடுத்த ஆண்டே 169. என்ன நடந்தது? மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்த சீன, இந்திய வம்சாவளி மாணவர்களை முதல் ஆண்டு 'வெளிநாட்டு மாணவர்கள்' என்று கணக்கில் எழுதிவிட்டார்கள். வெளிநாட்டு மாணவர் அதிகம் இருந்தால் மதிப்பெண் கூடும் அல்லவா? கணக்கைத் திருத்தியதும் இடம் சரிந்தது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி அந்த நாட்டை வளர்த்த நம் தமிழர்களின் பேரப்பிள்ளைகள், ஒரு பட்டியலுக்காக ஓராண்டு அந்நியர்களாக இருந்திருக்கிறார்கள்.

இரண்டு, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம். அந்நாட்டுப் பட்டியல் ஒன்றில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அங்கேயே பணிபுரியும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022இல் உட்கார்ந்து கணக்குப் போட்டு, பல்கலைக்கழகம் கொடுத்த புள்ளிவிவரங்கள் சரியில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டு அது 18ஆவது இடத்துக்கு வந்தது. அந்தப் பேராசிரியருக்கு என் வணக்கம். சொந்த நிறுவனத்தின் விடைத்தாளைத் திருத்துவதற்குத் துணிவு வேண்டும்.

மூன்று, ஸ்பெயின். அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்கள் இருந்தால் 20 சதவீதம் என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? ஸ்பெயினில் வேலை பார்க்கும் அப்படிப்பட்ட ஆய்வாளர்கள் சிலர், தங்கள் முதன்மைப் பணியிடம் சவூதி அரேபியப் பல்கலைக்கழகம் என்று பதிவு செய்ததையும், அதற்குப் பணம் கைமாறியதையும் 2023இல் அந்நாட்டு நாளிதழ் ஒன்று வெளியிட்டது. ஆள் இருப்பது ஓரிடம், வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறிடம். நம் பள்ளிக்கூடத்தில் செய்தால் இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

போட்டி எண்ணைத்தான் உயர்த்தியது. கற்பித்தலை உயர்த்தியதாக எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று விடலாம், நம் வீட்டுக்குள் வராதிருந்தால். சென்ற மாதம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் போன் செய்தான். இப்போது அவனுக்கே நாற்பத்தெட்டு வயது. மகள் இயந்திரவியல் முடித்திருக்கிறாள். ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் உள்ள தொழில்சார் உயர்கல்வி நிறுவனத்தில் முதுநிலை இடம் கிடைத்திருக்கிறது. பிரிட்டனில், பட்டியலில் மேலே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுநிலைக்கும் இடம் கிடைத்திருக்கிறது. முதலாவதற்குக் கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும், தங்கிச் சாப்பிடும் செலவு நம்முடையது. இரண்டாவதற்கு வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்க வேண்டும். மகளுக்கு ஜெர்மனிதான் விருப்பம். இவன் கேட்கிறான், "டீச்சர், ரேங்கே இல்லாத காலேஜுக்கு அனுப்பினா சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?"

சொந்தக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் இங்கேயே சொல்கிறேன். ஜெர்மனியில் 'ஹோக்ஷூலே' என்று சொல்லப்படும் அந்த மாதிரி நிறுவனங்களில் பேராசிரியராக வேண்டுமானால், முனைவர் பட்டத்தோடு பொதுவாக ஐந்தாண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். அதில் மூன்றாண்டாவது பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் வாரத்துக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் பாடம் எடுத்தால், இவர்கள் 18 மணி நேரம் எடுப்பார்கள். கற்பிப்பதுதான் அவர்கள் வேலை. 'நேச்சர்' இதழில் எழுதுவது அவர்கள் வேலையல்ல. அதனால்தான் பட்டியலில் பெயர் இல்லை. நன்றாகக் கற்பிப்பதற்கென்றே கட்டிய இடம் பட்டியலில் இல்லை என்றால், குறை அந்த இடத்தில் இல்லை, பட்டியலில் இருக்கிறது.

முடிவு அந்தக் குடும்பத்துடையது. நான் அவனிடம் சொன்னது, "பட்டியலை மூடி வை, மகளிடம் ஐந்து கேள்விக்குப் பதில் கேள்" என்றுதான். அந்தக் கேள்விகளை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1. அந்தப் படிப்பு அந்நாட்டில் முறைப்படி அங்கீகாரம் பெற்றதா? எத்தனை கிரெடிட்?

2. பாட விவரக் கையேட்டைப் பிள்ளை படித்துவிட்டதா? ஜெர்மனியில் ஒவ்வொரு படிப்புக்கும் 'மாடூல் ஹேண்ட்புக்' உண்டு. எந்தப் பாடம், எத்தனை மணி, என்ன தேர்வு என்று அதில் இருக்கும். அதைப் படிக்காமல் பட்டியலை மட்டும் பார்ப்பது, சாப்பாட்டைப் பார்க்காமல் ஹோட்டல் போர்டைப் பார்ப்பது போல.

3. ஒரு வகுப்பில் எத்தனை பேர்? சந்தேகம் கேட்டால் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறதா? அங்கே இப்போது படிக்கும் இரண்டு பேரிடமாவது பேசியாயிற்றா?

4. படிப்போடு தொழிற்சாலைப் பயிற்சி உண்டா? அந்த ஊர் மொழியைப் பிள்ளை கற்கத் தயாரா?

5. கடன் எவ்வளவு? வேலை ஆறு மாதம் தாமதமானால் அந்தக் கடனை வீடு தாங்குமா?

இந்த ஐந்துக்கும் எந்தத் தரவரிசையும் பதில் சொல்லாது.

ஒப்பிட்டே பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் சி.ஹெச்.இ. என்ற அமைப்பு 1998 முதல் ஓர் ஒப்பீடு செய்கிறது. அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசை இல்லை. பல்கலைக்கழகத்துக்கு மொத்த மதிப்பெண்ணும் இல்லை. பாடம் பாடமாகப் பிரித்து, அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேட்டு, மேல், நடு, கீழ் என்று மூன்று குழுவாகக் காட்டுவார்கள். "இயந்திரவியலில் ஆசிரியர் ஆதரவு எப்படி?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். மதிப்பீடு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஐரோப்பாவிலேயே விழித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2023இல் டைம்ஸ் பட்டியலுக்கு விவரம் தருவதை நிறுத்தியது. போட்டியைவிடக் கூட்டுழைப்புதான் எங்களுக்கு முக்கியம் என்று காரணம் சொன்னார்கள். சூரிக் பல்கலைக்கழகம் 2024இல் விலகுவதாக அறிவித்தது. பாரிசின் சோர்போன் 2026 முதல் விலகுவதாகச் சொல்லியிருக்கிறது. நம் பழைய ஐ.ஐ.டி.க்கள் ஏழு, சென்னை ஐ.ஐ.டி. உட்பட, 2020இலேயே டைம்ஸ் பட்டியலில் பங்கேற்க மாட்டோம் என்றன. மேலே இருப்பவர்களே இறங்கி நடக்கும்போது, நாம் ஏன் கடன் வாங்கி அதில் ஏற வேண்டும்?

நம் தமிழ்நாட்டில் 2017இல் ஒரு காரியம் நடந்தது, பலர் மறந்திருப்பீர்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அதற்கு முன் முடிவு வெளியாகும் நாளில், முதல் மூன்று பேர் படம் நாளிதழில். 1,100க்கு மேல் வாங்கிய பிள்ளை வீட்டு மூலையில் அழுதுகொண்டிருக்கும். அறிவிப்பதை நிறுத்தியதால் நம் பிள்ளைகள் படிப்பதை நிறுத்திவிட்டார்களா? இல்லையே. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நாம் விட்டொழித்த ஒன்றை, இருபத்திரண்டு வயதில் லட்சக்கணக்கில் பணம் கட்டி ஏன் மறுபடி வாங்குகிறோம்?

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். ஐரோப்பாவில் இப்போது படிக்கிற, வேலை பார்க்கிற என் மாணவர்கள், உங்கள் நிறுவனத்தில் பாடம் உண்மையில் எப்படி நடக்கிறது என்று நாலு வரி எழுதினால் இங்குள்ள தம்பி தங்கைகளுக்கு உதவும். பல்கலைக்கழகத்தின் ரேங்கை மட்டும் எழுத வேண்டாம். அதை நாங்களே கூகுளில் பார்த்துக்கொள்வோம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்